கொமாட்டி: உலை அணைந்த பிறகு வந்த பணம்

2022 அக்டோபர் 31 அன்று கொமாட்டி அனல் மின் நிலையத்தின் ஒன்பதாவது யூனிட்டை நிறுத்தினார்கள். மற்ற எட்டு யூனிட்டுகளும் அதற்கு முன்பே நின்றுவிட்டன. கடைசி வரை ஓடிய அந்த ஒன்று தந்துகொண்டிருந்தது 121 மெகாவாட். தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில், சோளக் காடுகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் நடுவே இருக்கும் நிலையம் அது. 1961இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. ஒன்பதும் சேர்ந்து ஓடினால் 1,000 மெகாவாட்.

மூடிய நான்காம் நாள், நவம்பர் 4 அன்று, உலக வங்கி கொமாட்டிக்காக 49.7 கோடி டாலர் நிதிக்கு ஒப்புதல் கொடுத்தது. பழைய நிலையத்தைப் பிரித்தெடுக்க, அதே இடத்தில் சூரிய மின்சாரமும் காற்றாலையும் பேட்டரியும் அமைக்க, வேலை இழப்பவர்களுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வழி செய்ய. அதே நாள்தான் அதிபர் சிரில் ரமபோசா நாடு முழுவதற்குமான ஐந்தாண்டு முதலீட்டுத் திட்டத்தையும் வெளியிட்டார்.

கொமாட்டியின் கதையை எடுத்து எழுத எனக்குக் காரணமாக இருந்தது அந்த நான்கு நாள் இடைவெளி. காகிதத்தில் பார்த்தால் நான்கு நாள் ஒன்றுமே இல்லை. ஆனால் நிதிக்கு ஒப்புதல் கிடைப்பதற்கும் அது ஓர் ஆளின் கைக்குச் சம்பளமாக வந்து சேர்வதற்கும் நடுவில் டெண்டர், சுற்றுச்சூழல் அனுமதி, கடன் ஒப்பந்தம், மறுபடி டெண்டர் என்று ஆண்டுகள் போகின்றன. உலை அணைவதற்கோ ஒரு நாள் போதும். வளர்ந்த நாடுகள் சேர்ந்து ஒரு வளரும் நாட்டுக்குக் கைகொடுத்த இந்த ஏற்பாட்டில் என்ன நடந்தது, எங்கே பிசகியது என்று பார்க்க கொமாட்டியைவிடத் தெளிவான இடம் இல்லை.

கிளாஸ்கோவில் கொடுத்த வாக்கு

2021 நவம்பர் 2 அன்று, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை சேர்ந்து தென்னாப்பிரிக்காவுடன் ஓர் ஏற்பாட்டை அறிவித்தன. நியாயமான ஆற்றல் மாற்றக் கூட்டாண்மை என்பது அதன் பெயர். சுருக்கமாக ஜெட்-பி என்று சொல்கிறார்கள். முதல் கட்டமாக, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள், 850 கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்கு. நிலக்கரியை விட்டு வெளியே வர தென்னாப்பிரிக்காவுக்கு உதவுவது, அப்படி வரும்போது நிலக்கரியை நம்பிப் பிழைப்பவர்களைக் கைவிடாமல் இருப்பது, இந்த இரண்டும் ஒரே ஒப்பந்தத்துக்குள் வந்தன.

இது புது வகை. அதுவரை காலநிலை நிதி என்றாலே சிதறிச் சிதறி வரும். இங்கே ஒரு தானிய ஆராய்ச்சி, அங்கே ஒரு காற்றாலை, இன்னோர் இடத்தில் ஒரு பயிற்சி முகாம். இந்த முறை பெரிய பொருளாதாரங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே நாட்டின் ஒரே துறையை எடுத்துக்கொண்டு, அந்த நாடே எழுதும் திட்டத்துக்குப் பணம் தருகிறோம் என்றன. அடுத்த ஆண்டே இந்தோனேசியாவுக்கு 2,000 கோடி டாலர், வியட்நாமுக்கு 1,550 கோடி டாலர் என்று அதே அச்சில் அறிவிப்புகள் வந்தன. 2023இல் செனகல் 250 கோடி யூரோவுடன் சேர்ந்தது. 2022 ஜூனில் ஜி-7 நாடுகள் வெளியிட்ட அறிக்கையில் இந்தியாவின் பெயரும் இருந்தது. இந்தியா இதுவரை கையெழுத்திடவில்லை.

தென்னாப்பிரிக்காவை ஏன் முதலில் எடுத்தார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாட்டு மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் நிலக்கரியில் வந்தது. ஆப்பிரிக்காவிலேயே அதிகக் கரியமில வாயு வெளியிடும் நாடு. அரசு மின் நிறுவனமான எஸ்காமின் 15 அனல் மின் நிலையங்களில் 12 இந்த ஒரே ம்புமலாங்கா மாகாணத்தில் இருந்தன. பெரும்பாலானவை வயதானவை, எப்படியும் மூட வேண்டியவை. எஸ்காம் தலைமேல் சுமார் 40,000 கோடி ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) கடன். ஐரோப்பா எல்லையில் கார்பன் வரி போடப்போகிறது என்ற பேச்சு வேறு. நிலக்கரி மின்சாரத்தில் செய்த இரும்பும் அலுமினியமும் நாளை அங்கே விலைபோகாது என்று தென்னாப்பிரிக்கத் தொழில் முனைவோருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது முக்கியம். நியாயமான மாற்றம் என்ற சொல்லைத் தென்னாப்பிரிக்காவுக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கே தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகப் பேசிவந்த சொல் அது. நிலக்கரிச் சுரங்கங்களில் மட்டும் சுமார் 90,000 பேர் வேலை செய்கிறார்கள். வேலையில்லாதோர் விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டிய நாட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சம்பளம் ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை, அக்கா தங்கை வீடு, ஊரில் இருக்கும் பெற்றோர் என்று போகும். 2020இல் அதிபரின் காலநிலை ஆணையம் அமைந்தபோது தொழிற்சங்கங்களும் உள்ளே வந்தன. 2022இல் அந்த ஆணையம் தந்த வழிகாட்டுச் சட்டகம் மூன்று நியாயங்களைக் கேட்டது. சுமையும் பலனும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணுக்கும் உடம்புக்கும் ஈடு செய்ய வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் பாதிக்கப்படுகிறவர் இருக்க வேண்டும்.

பணம் என்று எதைச் சொன்னார்கள்

850 கோடி டாலர் என்று கேட்டதும் நன்கொடை என்றுதான் பலர் நினைத்தார்கள். ஓராண்டு கழித்து 2022 நவம்பரில் கணக்கு வெளியானபோது உள்ளே இருந்தது வேறு. ஏறத்தாழ 63 சதவீதம் சலுகை வட்டிக் கடன். 18 சதவீதம் சந்தை வட்டிக் கடன், முதலீடு. 15 சதவீதம் உத்தரவாதம், அதாவது வேறு யாராவது கடன் கொடுத்தால் அதற்கு நாங்கள் ஜாமீன் என்கிற ஏற்பாடு. திருப்பித் தர வேண்டாத மானியம் சுமார் 33 கோடி டாலர். மொத்தத்தில் 4 சதவீதம்.

பிரிட்டனின் பங்கு சுமார் 180 கோடி டாலர். அதில் 130 கோடி உத்தரவாதம். அமெரிக்காவின் பங்கு 100 கோடி டாலரை ஒட்டி. அதில் பெரும்பகுதி வணிக முதலீடாக வரலாம் என்ற எதிர்பார்ப்பு, மானியம் சுமார் 2 கோடி. பிரான்ஸும் ஜெர்மனியும் தங்கள் வளர்ச்சி வங்கிகள் வழியாக ஆளுக்கு 30 கோடி யூரோ சலுகைக் கடனை 2022 நவம்பரிலேயே கையெழுத்திட்டுக் கொடுத்தன. சொன்னதைச் சீக்கிரம் செய்தவர்கள் என்று அந்த இரு நாடுகளையும் குறிப்பிடத்தான் வேண்டும்.

கடன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. காற்றாலை அமைக்கக் கடன் வாங்கலாம், காற்றாலை சம்பாதித்து அடைக்கும். மின்கம்பித் தடம் போடக் கடன் வாங்கலாம், கட்டணத்தில் அடையும். ஆனால் ஐம்பது வயது கொதிகலன் ஆளுக்கு வேறு தொழில் பழக்குவதற்கும், வாடகைக்கு ஆளில்லாமல் போன வீட்டுக்காரருக்குக் கைகொடுப்பதற்கும், சாம்பல் குட்டையை மூடி மண் போடுவதற்கும் வாங்கும் கடனை எந்த வருமானத்தில் அடைப்பது? நியாயம் என்ற சொல்லுக்குள் அடங்கும் செலவுகள் எல்லாமே இந்த வகை. அவற்றுக்கு மானியம் மட்டும்தான் பொருந்தும். மொத்த ஏற்பாட்டில் மானியம்தான் மிகக் குறைவாக இருந்தது.

கடன் டாலரிலும் யூரோவிலும் வருகிறது என்பது அடுத்த சிக்கல். 2021 நவம்பரில் ஒரு டாலருக்கு 15, 16 ரேண்ட். 2023இல் அது 18ஐத் தாண்டியது. வட்டி குறைவு என்று சொல்லி வாங்கிய கடன், நாணயம் இறங்க இறங்கத் தானாகவே கனத்தது.

அரசின் ஐந்தாண்டுத் திட்டம் கேட்ட தொகை 1.48 லட்சம் கோடி ரேண்ட், சுமார் 9,800 கோடி டாலர். வளர்ந்த நாடுகள் தருவதாகச் சொன்னது இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் திட்டத்துக்குள்ளேயே ம்புமலாங்காவின் நியாயமான மாற்றத்துக்கு என்று ஒதுக்கியது 6,040 கோடி ரேண்ட், அதாவது மொத்தத்தில் 4 சதவீதம். வெளியார் மட்டும் அல்ல, உள்ளூர் அரசும் இந்த இடத்தில் கை சுருக்கித்தான் எழுதியிருக்கிறது.

வாசலுக்கு வெளியே

இனி கொமாட்டிக்கு வருவோம்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். கொமாட்டியை மூட வைத்தது ஜெட்-பி அல்ல. அதற்கு வயதாகிவிட்டது. மூடப்போகிறோம் என்பது எஸ்காமுக்கு ஆண்டுக்கணக்காகத் தெரியும். இந்த ஊர் முன்பே ஒருமுறை மூடலைப் பார்த்த ஊரும்கூட. 1980களின் கடைசியில் மின்சாரம் உபரியாக இருந்ததால் யூனிட்டுகளை நிறுத்தி 1990இல் முழு நிலையத்தையும் மூடிவைத்தார்கள். பிறகு நாட்டில் மின் பற்றாக்குறை வந்ததும் பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள். ஆக, மூடினால் ஊர் என்னவாகும் என்பதற்குக் கண்ணெதிரே பாடம் இருந்தது.

எஸ்காமின் நிரந்தர ஊழியர் யாருக்கும் வேலை போகாது என்று நிறுவனம் உறுதி சொன்னது. பலரை மற்ற நிலையங்களுக்கு மாற்றினார்கள், சிலர் கொமாட்டியிலேயே புதுப் பணிகளுக்கு இருந்தார்கள். அந்த அளவில் வாக்கு நிறைவேறியது. ஆனால் ஓர் அனல் மின் நிலையம் நிரந்தர ஊழியர்களை மட்டும் வைத்து ஓடுவதில்லை. நிலக்கரி தள்ளுகிறவர், சாம்பல் அள்ளுகிறவர், குழாய்க்குச் சுற்றும் காப்புப் பஞ்சை மாற்றுகிறவர், சாரம் கட்டுகிறவர், வெல்டர், காவலாளி, கேன்டீன் ஆள், துப்புரவுப் பெண்கள் எல்லாரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நிலையம் நின்றதும் ஒப்பந்தம் முடிந்தது. அவர்களை மாற்ற வேறு நிலையம் இல்லை. மாற்ற வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

அனல் மின் நிலையத்தை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசல் பக்கம் டீக்கடையில் நிற்பவர்களைப் பார்த்தாலே யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம் என்று உள்ளூர்க்காரர் சொல்லிவிடுவார். ஒரே வேலை, ஒரே தூசி, வேறு சம்பளம். அந்த டீக்கடை, பக்கத்தில் மாத வாடகை அறை, பஞ்சர் கடை, மெஸ் எல்லாம் நிற்பது ஒப்பந்த ஆட்களின் காசில். கொமாட்டியிலும் அதுவேதான். அங்கே ஸ்பாஸா என்பார்கள், வீட்டு முன்னறையில் ரொட்டியும் எண்ணெயும் ரீசார்ஜும் விற்கும் சின்னக் கடை. பராமரிப்புக் காலத்தில் வந்து தங்கும் வெளியூர் ஆட்களுக்காகவே வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டவர்கள் உண்டு. ஆட்கள் போனதும் அறை காலி, கடையில் விற்பனை இல்லை. ஆய்வறிக்கைகளில் மறைமுக வேலைவாய்ப்பு என்று ஒரு வரியில் போவது இந்த அறையும் இந்தக் கடையும்தான்.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையமும் கொமாட்டியின் வயதுதான். 1962இல் ஓடத் தொடங்கிய 600 மெகாவாட் நிலையம், 2020 செப்டம்பரோடு ஓய்வு பெற்றது. ஆனால் அதை நிறுத்துவதற்கு முன்பே பக்கத்தில் 1,000 மெகாவாட் புது நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியிருந்தது. அதுவும் பழுப்பு நிலக்கரியில் ஓடுவதுதான், காற்றுக்கு அதனால் விடிவில்லை. வரிசையை மட்டும் பார்த்தால், புதியது ஓடத் தொடங்கிய பிறகு பழையதை நிறுத்தினார்கள்.

கொமாட்டியில் புதியது என்ன? திட்டப்படி 150 மெகாவாட் சூரிய மின்சாரம், 70 மெகாவாட் காற்றாலை, 150 மெகாவாட் பேட்டரி. நல்ல யோசனை. பழைய அனல் நிலையத்தின் இடத்தில் இதை அமைப்பதில் பெரிய லாபம் உண்டு, ஏனென்றால் உயர் அழுத்த மின்தடம் ஏற்கெனவே வாசல் வரை வந்து நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் வெயிலும் காற்றும் அதிகம் இருப்பது நாட்டின் மறுகோடியில், கேப் மாகாணங்களில். அங்கே மின்தடத்தில் இடமே இல்லை. 2022 டிசம்பரில் புதுப்பிக்கத்தக்க மின்சார ஏலத்தில் ஒரு காற்றாலைத் திட்டம்கூடத் தேர்வாகவில்லை, தடத்தில் இடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக. ம்புமலாங்காவில் தடம் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், நிலம் இருக்கிறது.

ஆனால் மூடி இரண்டு ஆண்டு ஆன பிறகும் அந்தப் பெரிய சூரியப் பண்ணை எழும்பவில்லை. எழும்பினாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. சூரியப் பலகை நடும்போது சில நூறு பேருக்கு வேலை, நட்டு முடித்தபின் துடைக்கவும் காவலுக்கும் சில பேர். நிலக்கரி நிலையம் தந்த வேலை எண்ணிக்கையை அது ஒருநாளும் தராது. உலக வங்கி நிதியின் உட்பிரிவைப் பார்த்தால் புது மின்சாரக் கட்டுமானத்துக்கு 41.6 கோடி டாலர், தொழிலாளர்களுக்கும் ஊர்களுக்குமான பகுதிக்கு 4.75 கோடி டாலர். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நிதியில் மானியமாக வந்தது ஒரு கோடி டாலர். மீதி எல்லாம் கடன், அதில் கனடா தந்த சலுகைக் கடனும் அடக்கம்.

நடந்த நல்லவற்றையும் சொல்கிறேன். பழைய பட்டறை ஒன்றில் சரக்குப் பெட்டி மின்நிலையம் செய்கிறார்கள். கப்பலில் வரும் இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, உள்ளே பேட்டரி வரிசை, இன்வெர்ட்டர், ஸ்விட்ச் போர்டு எல்லாம் பொருத்தி, சூரியப் பலகைகளோடு சேர்த்து லாரியில் ஏற்றி, மின்கம்பி போகாத ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். வெல்டிங் தெரிந்தவருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அதில் வேலை இருக்கிறது, பழைய கைப்பழக்கம் வீணாகவில்லை. இதை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

இன்னொரு கொட்டகையில் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். மீன் கழிவு கலந்த தண்ணீரைப் பம்ப் வழியாகக் காய்கறிப் பாத்திக்கு விடுகிறார்கள். கீரையின் வேர் அந்தச் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது, தெளிந்த தண்ணீர் மறுபடி மீனுக்கே போகிறது. மண்ணே வேண்டாம். பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கிக்காட்ட அருமையான ஏற்பாடு. பெரிய நாட்டுத் தூதர்களும் அமைச்சர்களும் வந்து பார்த்தார்கள். எத்தனை பேர் அந்தத் தொட்டியை நம்பிக் குடும்பம் நடத்த முடியும் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதிரிக்கு ஒன்று வைப்பது ஒரு வேலை. ஊரையே தாங்குமளவுக்கு அதைப் பெருக்குவது பத்து ஆண்டு வேலை. அந்தப் பத்து ஆண்டும் நிலையம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கழிந்திருக்க வேண்டும்.

அதிபரின் காலநிலை ஆணையமே பின்னர் கொமாட்டியை ஆராய்ந்து, ஊர் மக்களோடு பேசத் தாமதமாகத்தான் தொடங்கினார்கள், மாற்றுப் பொருளாதாரத்துக்கான வேலை மூடலுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. அரசு அமைத்த ஆணையம் அரசு நிறுவனத்தின் குறையை வெளிப்படையாக எழுதி வைத்தது பாராட்ட வேண்டிய காரியம். அடுத்து மூடப்போகும் ஊர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஆவணம் கிடையாது.

மூச்சின் கணக்கு

இவ்வளவு படித்ததும், அப்படியானால் நிலக்கரியையே விட்டுவிடாமல் இருந்திருக்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், அதே ம்புமலாங்காவில் இருக்கும் எமலாஹ்லேனியைப் பார்க்க வேண்டும். பழைய பெயர் விட்பாங்க். புதுப் பெயருக்கு நிலக்கரி இருக்கும் இடம் என்று பொருள். மின் நிலையங்களும் சுரங்கங்களும் சூழ்ந்த நகரம். அந்த மேட்டுநிலப் பகுதியின் காற்று குறித்து இரண்டு அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2022 மார்ச் மாதம் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே நிலவும் காற்று மாசு, உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழலில் வாழும் அரசியல் சட்ட உரிமையை மீறுகிறது என்று. வழக்குப் போட்டவற்றில் ஒன்று அந்த ஊர்க்காரர்களின் சொந்த அமைப்பு. ஒரே வீட்டில் அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை, பிள்ளைக்கு இழுப்பு நோய். அந்த வீட்டிடம் போய் வேலை வேண்டுமா மூச்சு வேண்டுமா என்று கேட்பதே அநியாயம். இரண்டையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கூட்டாண்மையே பிறந்தது. எனவே அதன் நோக்கத்தை நான் முழுதாக ஆதரிக்கிறேன்.

ஆனால் கூட்டாளிகளின் சொந்த வீட்டில் நடந்ததும் ம்புமலாங்காவில் எல்லாருக்கும் தெரிந்தது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின், ஐரோப்பா ரஷ்ய நிலக்கரியை நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்ப, ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் தென்னாப்பிரிக்க நிலக்கரி ஒரே ஆண்டில் பல மடங்கு ஏறியது. ஓரங்கட்டிய நிலக்கரி நிலையங்களை ஜெர்மனி மறுபடி ஓட்டியது. குளிர்காலத்தில் தம் மக்கள் உறையக் கூடாது என்று ஓர் அரசு நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் கொமாட்டியின் கடைசி உலையை நிறுத்தினார்கள். தங்கள் ஊர் உலை மட்டும் ஏன் அணைய வேண்டும் என்று கொமாட்டிக்காரர் கேட்டால், பதில் சொல்வது எளிதல்ல. கனிமவளத் துறை அமைச்சர் க்வேடே மன்டாஷே நிலக்கரியை அவசரமாக விடக் கூடாது என்று முன்பிருந்தே வாதாடிவந்தவர். சுரங்கத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். 2022இல் நடந்தவை அவர் பக்கத்துக்கு வலு சேர்த்தன.

2023 தென்னாப்பிரிக்காவின் மிக மோசமான மின்வெட்டு ஆண்டு. லோட் ஷெட்டிங் இல்லாத நாளை எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. கெட்டுப்போன இயந்திரங்கள், தள்ளிப்போட்ட பராமரிப்பு, நிலக்கரித் திருட்டு, காலம் தாழ்ந்த புது நிலையங்கள் எல்லாம் சேர்ந்து வந்த வினை அது. கொமாட்டியின் 121 மெகாவாட் இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. ஆனால் வீட்டில் விளக்கு எரியாதபோது, ஓடிக்கொண்டிருந்த நிலையத்தை மூடிவிட்டார்கள் என்ற ஒரு வரி போதும், மக்கள் மனதில் நிற்க.

அதற்கப்புறம்

கேம்டன், ஹென்ட்ரினா, க்ரூட்வ்ளே. கொமாட்டிக்கு அடுத்து மூட இருந்த மூன்று நிலையங்கள், மூன்றும் அதே ம்புமலாங்காவில். மின்வெட்டைக் காரணம் காட்டி அவற்றை 2030 வரை ஓட்டுவது என்று எஸ்காம் முடிவு செய்தது. காலநிலை முதலீட்டு நிதியங்கள் என்ற பன்னாட்டு நிதி அமைப்பு தருவதாக இருந்த 50 கோடி டாலர், இந்த விரைந்த மூடலைக் கணக்கில் வைத்தது. அதனால் அந்தத் திட்டத்தையே திருத்தி எழுத வேண்டிவந்தது.

2025 மார்ச்சில் அமெரிக்கா ஜெட்-பியிலிருந்து விலகியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து மட்டும் அல்ல, இந்தோனேசியா, வியட்நாம் ஏற்பாடுகளிலிருந்தும். இடையில் டென்மார்க், நெதர்லாந்து போன்றவை சேர்ந்ததால் 1,380 கோடி டாலராக வளர்ந்திருந்த மொத்த வாக்கு, அமெரிக்கா போனதும் 1,280 கோடியானது. தொகையில் இழப்பு பெரிதல்ல, ஏனென்றால் அதில் பெரும்பகுதி வரலாம் என்ற வணிக முதலீடுதான். அடி விழுந்தது வேறு இடத்தில். தேர்தல் ஒன்று முடிந்ததும் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம் என்றால், 20 ஆண்டுத் திட்டத்தை யாரை நம்பி எழுதுவது? அந்த ஆண்டு ஜி-20 தலைமை தென்னாப்பிரிக்காவிடம் இருந்தது. ஒற்றுமை, சமத்துவம், நீடித்த தன்மை என்பதே அது எடுத்துக்கொண்ட முழக்கம். நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய உச்சி மாநாட்டுக்கும் அமெரிக்கா வரவில்லை. வந்த நாடுகள் கூட்டறிக்கையை நிறைவேற்றின.

ஐரோப்பியப் பங்காளிகள் விலகாமல் நின்றார்கள், பணமும் வந்துகொண்டிருக்கிறது, பெரும்பாலும் கடனாகத்தான். எஸ்காமின் கடனில் 25,400 கோடி ரேண்டைத் தென்னாப்பிரிக்க அரசே தன் தோளில் ஏற்றுக்கொள்வதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தது. ஒரு மின் நிறுவனத்துக்காக ஏழை எளியவர் உட்பட எல்லா வரி செலுத்துவோரும் சுமக்கும் தொகை அது. கிளாஸ்கோவில் அறிவித்த மொத்த 850 கோடி டாலரைவிடப் பெரியது. சர்வதேச ஒத்துழைப்பு என்று நாம் பேசும்போது, பெரும்பாரத்தை இன்னமும் அந்தந்த நாடேதான் சுமக்கிறது என்பதை இந்த ஒரு எண் காட்டுகிறது.

அடுத்த மூன்று நிலையங்களுக்கு என்ன செய்யலாம்? மூடும் தேதியை எழுதும் தாளிலேயே அதற்கு ஐந்தாண்டு முன்னதாக ஒரு தேதியையும் எழுத வேண்டும், ஊருக்கான முதல் மானியம் வந்து சேரும் தேதி. மானியம் குறைவு என்றால், இருக்கும் கொஞ்சத்தையும் அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்களுக்குக் கொடுக்காமல் ஆட்களுக்கே ஒதுக்க வேண்டும். கட்டுமானத்தைக் கடன் பார்த்துக்கொள்ளும். அப்புறம், ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கு. ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருப்பார், ஆட்கள் அவரோடு வருவார்கள் போவார்கள், நிலையம் மூடிவிட்டால் வேலை தேடி வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறிவிடுவார்கள். பிறகு தேடினால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. பயிற்சியும் ஈட்டுத்தொகையும் கொடுக்க நினைத்தாலும் யாருக்குக் கொடுப்பது?

கேம்டனிலும் ஹென்ட்ரினாவிலும் க்ரூட்வ்ளேயிலும் இன்னும் ஷிப்ட் நடக்கிறது, வாசலில் ஆட்கள் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் எடுக்க வேண்டிய காலம் இதுதான்.